வாய்மையே மூலதனம்

இரும்பு அலமாரியை எந்தக் கம்பெனி செய்திருந்தாலும், அதைக் கோத்ரெஜ் பீரோ என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர், முதல் இரண்டு முயற்சிகளிலும் தோற்றவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஆர்தேஷிர் கோத்ரெஜ் 1868-ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். சட்டம் பயின்று, 1894-இல் ஒரு வழக்கிற்காக ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய சான்சிபார் தீவுக்குச் சென்றார். தமக்கே உறுதிப்படாத ஒன்றை உண்மையென வாதாட அவர் மனம் இடந்தரவில்லை. வழக்கோடு வக்கீல் தொழிலையும் கைவிட்டார்.

ஊர் திரும்பியவர், தந்தையின் நண்பரான மேர்வான்ஜி காமாவிடம் கடன் பெற்று அறுவை மருத்துவக் கருவிகளைச் செய்தார். கருவிகள் தரமாகவே அமைந்தன. ஆனால் அவை இந்தியாவில் செய்யப்பட்டவை என்று பொறிக்கக் கூடாதென்றார், வாங்கவிருந்த ஆங்கிலேய வணிகர். ஆர்தேஷிர் இசையவில்லை. தொழில் நின்றது, கடன் நின்றபாடில்லை.

அந்நாளில் பம்பாயில் திருட்டு மலிந்திருந்தது. நாளேட்டில் அச்செய்தியைப் படித்தவருக்குப் பூட்டுச் செய்யும் எண்ணம் தோன்றியது. காமா மீண்டும் கைகொடுத்தார். 1897-ஆம் ஆண்டு மே மாதம் லால்பாக் பகுதியில், ஒரு சிறு கொட்டகையில், சுமார் 12 தொழிலாளர்களுடன் பட்டறை எழுந்தது. பாய்ஸ் என்பவர் பங்காளியாகச் சேர்ந்து விரைவில் விலகினார். அவர் பெயர் மட்டும் கம்பெனியின் பெயரில் நிலைத்துவிட்டது.

பூட்டுக்குப் பின், 1902-ஆம் ஆண்டளவில் இரும்புப் பெட்டி வந்தது. பெட்டிக்குப் பலவீனம் அதன் மூட்டுகளே என உணர்ந்த ஆர்தேஷிர், தகட்டை மடித்து உருவாக்கி மூட்டுகளைக் குறைத்தார். தீயைத் தாங்கவும் வழிகண்டார். சுதேசிப் பொருள் என்பதற்காக அதன் குறையை மக்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற வாதத்தை அவர் ஏற்றதில்லை. தம்பி பிரோஜ்ஷா துணைநின்று ஆலையை வளர்த்தார். 1923-இல் எஃகு அலமாரிகளும் வெளிவரத் தொடங்கின. முதுமையில் தொழிலைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, நாசிக்கில் வேளாண்மையில் ஈடுபட்ட ஆர்தேஷிர் 1936-இல் மறைந்தார்.

அவர் மறைவுக்குப் பின் வந்தன இரு பெரும் சோதனைகள். 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்துத் தீப் பரவியபோது, கோத்ரெஜ் பெட்டிகள் உள்ளிருந்தவற்றைக் காத்துப் பெயர் பெற்றன. 1951-52-இல் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கென எஃகு வாக்குப்பெட்டிகளை 12 லட்சத்துக்கும் மேலாக அந்த ஆலை செய்து கொடுத்தது. பாமரர் முதல் படித்தவர் வரை தம் வாக்கை நம்பிப் போட்ட பெட்டிகள் அவை.

சேலையைத் தடவிப் பார்த்து வாங்கலாம். அரிசியை வாயிலிட்டுப் பார்த்து வாங்கலாம். இரும்புப் பெட்டியின் தரமோ கள்வன் வரும் நாளில்தான் தெரியும். தீப்பற்றும் நாளில்தான் தெரியும். அதுவரை வாங்குபவனுக்குத் துணை, செய்தவனுடைய சொல் ஒன்றே. வழக்கு மன்றத்தில் பிழைக்க விடாத வாய்மை, கருவித் தொழிலைக் கவிழ்த்த வாய்மை, பூட்டுத் தொழிலில் மூலதனமாகிவிட்டது.

பட்டம் பெற்று வெளியேறும் நாம் அனைவரும் முதல் முயற்சியிலேயே வெல்வோம் என்பதற்கில்லை. தோற்கும்போது எதை விற்காமல் வைத்திருந்தோம் என்பதே பின்னாளில் நமக்குக் கைகொடுக்கும்.