வாயில்லா உயிர்களின் நோயறியக் கற்பித்த குளோட் பூர்ஜலா

நோயுற்ற மனிதன் தனக்கு எங்கே நோகிறது என்று வைத்தியரிடம் கூறுவான். குதிரையும் நாயும் பூனையும் என் செய்யும்? அவற்றின் துன்பத்தைக் கண்ணாலும் கையாலும் அறியும் கல்வி ஒன்று வேண்டும் என்று உணர்ந்து, அதற்கெனவே ஒரு பாடசாலையை நிறுவியவர் பிரெஞ்சு நாட்டவரான குளோட் பூர்ஜலா. அவரது வாழ்க்கையை எமது மாணவரும் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று எனக் கருதி இங்கே சுருக்கமாகத் தருகின்றோம்.

பூர்ஜலா 1712ஆம் ஆண்டில் லியோன் நகரிற் பிறந்தார். அவர் முதலில் வழக்கறிஞராக இருந்தார் என்றும், நீதியற்ற வழக்கொன்றில் வென்றுவிட்டமைக்கு நாணி அத்தொழிலைத் துறந்தார் என்றும் பழைய நூலார் ஒரு கதை கூறுவர். 1740இல் அவர் லியோனிலிருந்த குதிரையேற்றக் கழகத்தின் தலைவரானார். உயர்குடி இளைஞர்க்குக் குதிரையேற்றம் கற்பிப்பதே அங்கு அவர் பணி. ஆயினும் குதிரையின் நடையழகோடு அவர் மனம் நிறைவுறவில்லை. அதன் உடலின் உள்ளமைப்பை அறிய விரும்பினார். லியோன் நகரின் சத்திரசிகிச்சை வல்லுநர்களின் துணையுடன் இறந்த குதிரைகளை அறுத்து ஆராய்ந்தார். அதன் பயனாக 1750 முதல் 1753 வரை குதிரை மருத்துவம் பற்றிய மூன்று தொகுதிகளை வெளியிட்டார். டிடரோ பதிப்பித்த புகழ்பெற்ற கலைக்களஞ்சியத்திற்கும் குதிரை பற்றிய கட்டுரைகள் பலவற்றை எழுதினார்.

அக்காலத்தில் நோயுற்ற விலங்குகளைப் பார்த்தவர் யாவர்? இலாடம் அடிப்போரும் மேய்ப்போருமே. அவர்களிடம் அனுபவம் இருந்தது. ஆனால் முறையான கல்வி இல்லை. எந்த நோய்க்கும் இரத்தத்தை வடித்துவிடுவதே பெருவழக்காயிருந்தது. 1740களில் ஐரோப்பாவில் பரவிய மாட்டுக் கொள்ளைநோய் இலட்சக்கணக்கான மாடுகளைக் கொன்றது. உழவனுக்கு மாடு போனால் ஏர் போயிற்று. ஏர் போனால் உணவும் போயிற்று. ஆகவே இது விலங்குகளின் துயர் மட்டுமன்று, ஏழைக் குடும்பங்களின் வாழ்வும் ஆகும்.

பூர்ஜலாவின் நண்பரும் அரசாங்க நிதிப் பொறுப்பாளருமான பெர்தான் அவரது எண்ணத்திற்குத் துணைநின்றார். 1761 ஆகஸ்ட் 4ஆம் நாள் அரச ஆணை பிறந்தது. 1762இல் லியோனின் புறநகரில், முன்பு பயணிகள் தங்கும் விடுதியாயிருந்த ஒரு கட்டடத்திற் பாடசாலை தொடங்கியது. அதுவே உலகின் முதலாவது மிருக வைத்தியப் பாடசாலை. இரவல் மண்டபங்களில் வகுப்பு நடத்தும் எமக்கு இச்செய்தி ஆறுதல் தருவதன்றோ? எழுத வாசிக்கத் தெரிந்த கிராமத்து இளைஞர் பலர் அதில் மாணவராயினர்.

அங்கு அவர்கள் முதலிற் கற்றது நோயையன்று; நலமான உடலையே. குதிரையின் தலையின் நீளத்தை அளவுகோலாகக் கொண்டு ஏனைய உறுப்புகளை அளக்கப் பூர்ஜலா கற்பித்தார். இயல்பை அறியாதவன் திரிபை அறியமாட்டான் அல்லவா? நலமான குதிரையின் நாடி, ஓய்வில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 28 முதல் 40 வரை துடிக்கும். கீழ்த்தாடையின் ஓரத்தில் விரல் வைத்து அதனை எண்ணலாம். குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தரையைக் காலாற் கிளறி, விழுந்து புரளுமாயின் அது வயிற்றுவலி. மூக்கில், பெரும்பாலும் ஒரு பக்கத்தில், சளி ஒழுகித் தாடையின் கீழ்க் கட்டியும் தோன்றினால், மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோயோ என ஐயுற வேண்டும்.

கொள்ளைநோய் பரவிய ஊர்களுக்கு மாணவர் அனுப்பப்பட்டனர். பாடசாலையின் புகழ் பரவியது. 1764இல் அது அரச பாடசாலை என்னும் பெயர் பெற்றது. சுவீடனிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் மாணவர் வந்து கற்றுத் தத்தம் நாடுகளிற் பாடசாலைகளை நிறுவினர். 1766இல் பாரிஸ் அருகே அல்ஃபோரில் இரண்டாவது பாடசாலை திறக்கப்பட்டது. இவ்விரு பாடசாலைகளின் வழிவந்தவை இன்றும் இயங்குகின்றன.

பூர்ஜலா குறையற்றவர் அல்லர். தம்மோடு ஒவ்வாத அறிஞரை அவர் ஒதுக்கினார். மாட்டை விடக் குதிரையையே பெரிதெனக் கொண்டார். எனினும் 1777இல் அவர் வகுத்த விதிகளில் ஒரு நல்லறம் உண்டு. கற்றோர் நேர்மை தவறலாகாது. ஏழையையும் செல்வனையும் வேறுபடுத்தி அறிய வேண்டும். நாட்டின் கொடையாற் பெற்ற கல்விக்கு மிகுந்த விலை கேட்கலாகாது என்பதே அது. 1779 சனவரி 3ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் காலத்தை வருத்திய மாட்டுக் கொள்ளைநோய் உலகிலிருந்து ஒழிந்துவிட்டதென 2011இல் அறிவிக்கப்பட்டது.

மாடு அசைபோடுவதை நிறுத்தினால் நோயென்று எமது ஊரில் எமது பாட்டன்மார் அறிந்திருந்தனர். மாணவர்களே, இன்று உங்கள் வீட்டில் நாயோ பூனையோ இருக்கலாம். அது நலமாயிருக்கும்போதே அதன் உணவையும் உறக்கத்தையும் ஈறின் நிறத்தையும் கவனித்து வையுங்கள். ஈறு வெளிறினாலோ, பூனை ஒளிந்துகொண்டு தன்னை நக்கித் தூய்மை செய்வதை விட்டாலோ பெற்றோரிடம் கூறுங்கள். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முயன்றும் இயலாதிருந்தால் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது. நாயின் குணம் திடீரென மாறி, உமிழ்நீர் வடிந்து, விழுங்க முடியாமற் போனால் அதை நெருங்காது, உடனே பெரியோரை அழையுங்கள்.

பேச இயலாதவரின் துயரைப் பார்த்தறியப் பழகியவர், பேசத் தயங்கும் மனிதரின் துயரையும் அறிவர். அக்கல்வி எமது பிள்ளைகளுக்கும் வாய்க்குமாக.