மறுபடி வந்த இராமாயணம்

லாகூர் அருகே 1917-ம் ஆண்டில் பிறந்தவர் ராமானந்த் சாகர். பகலில் லாரி துடைத்தார், சோப்பு விற்றார். இரவில் படித்துப் பட்டம் பெற்றார்.

1947-ல் தேசம் பிரிந்தது. பிறந்த மண்ணை விட்டு இந்தியா வந்தார். சினிமாவுக்குக் கதை எழுதினார். சென்னை ஜெமினி வாசனுக்காக, 1960-ல் 'கூங்கட்' என்ற இந்திப் படத்தை டைரக்ட் செய்தார்.

1987-ல் அவருடைய இராமாயணத் தொடர் டெலிவிஷனில் வந்தது. அப்போது அவருக்கு வயது 69. ஞாயிறு காலையில் தெருக்கள் வெறிச்சோடின. டெலிவிஷன் இருந்த வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடினர்.

2005-ல் சாகர் காலமானார்.

2020-ல் கொரோனா ஊரடங்கு. மேல்விஷாரம் தோல் ஷாப்புகள் முதல் டில்லி கடைவீதி வரை எல்லாம் மூடிக்கிடந்தன. அப்போது அத்தொடர் மறுபடி வந்தது. அன்று பிள்ளைகளாகப் பார்த்த ரசிகர்கள், தம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்துக் கண் கலங்கினார்கள்.

சொந்த ஊரை இழந்து வந்தவர், மறைந்த பிறகும் வீடுதோறும் விருந்தாளியானார்!