தி. இரா. சேசாத்திரி
தி. இரா. சேசாத்திரி (பெப்ரவரி 3, 1900 – செப்டம்பர் 27, 1975) தமிழ்நாட்டில் பிறந்த வேதியியலாளர் ஆவார். தாவரங்களில் உள்ள பிளேவனாய்டு எனும் சேர்மங்களின் கட்டமைப்பை ஆராய்ந்தவர். பூச்சிக்கொல்லி நஞ்சிலிருந்து கல்லீரலைக் காக்கும் இயற்கை எதிர் ஆக்சிசனேற்றிகளுள் இச்சேர்மங்கள் முதன்மையானவை.

வாழ்க்கை

காவிரியின் தென்கரையிலுள்ள குளித்தலையில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இராபர்ட் இராபின்சனிடம் ஆய்வு செய்து 1929இல் முனைவர் பட்டம் பெற்றார். நாடு திரும்பியதும் கோயம்புத்தூரில் வேளாண் ஆய்வில் ஈடுபட்டார். பின்னர் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும், 1949 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார்.

ஆய்வுகள்

1930களில் பருத்திப் பூக்களின் நிறமிகளை ஆராய்ந்து, கோசிப்பின் முதலிய பிளேவனாய்டுகளை விளக்கினார். புங்க விதையிலுள்ள கரஞ்சின் என்ற சேர்மத்தையும் இவரது குழு ஆராய்ந்தது. கரஞ்சினும் பிளேவனாய்டு இனத்தைச் சேர்ந்ததே. ஆயினும் அது பூச்சிகளுக்கு நஞ்சாகும். ஓரினச் சேர்மங்களுள் ஒன்று காப்பதும் மற்றொன்று கொல்வதும் அவற்றின் கட்டமைப்பைப் பொறுத்தவை. ஆகவே கட்டமைப்பை அறிவது இன்றியமையாதது.

கல்லீரல் பாதுகாப்பு

குளித்தலைக்கு வடமேற்கே விரியும் நாமக்கல், சேலம் சமவெளிகளில் பருத்தி பயிரிடப்படுகிறது. பருத்திக்குப் பூச்சிக்கொல்லி மிகுதியாகத் தெளிக்கப்படுவதுண்டு. குளோர்பைரிபாசு போன்ற கரிமப் பாசுபரசு நஞ்சுகள் உடலுக்குள் சென்றால், கல்லீரல் நொதிகள் அவற்றை மாற்றுகின்றன. அப்போது தோன்றும் வினைமிகு ஆக்சிசன் மூலக்கூறுகள் உயிரணுச் சவ்வின் கொழுப்பைச் சிதைக்கின்றன. உயிரணுவைக் காக்கும் குளுட்டாதயோனும் குறைகிறது. பிளேவனாய்டுகளின் ஐதராக்சில் தொகுதிகள் ஐதரசனை ஈந்து இத்தொடர்வினையை நிறுத்துகின்றன. குவெர்செட்டின் போன்றவை கல்லீரல் சேதத்தைக் குறைப்பதை விலங்காய்வுகள் காட்டியுள்ளன. எனினும் இவை நச்சு முறிவு மருந்துகள் அல்ல. கரிமப் பாசுபரசு நஞ்சுண்டவருக்கு அத்திரோப்பின் முதலிய மருந்துகளுடன் உடனடி மருத்துவமனைச் சிகிச்சை தேவை. தெளிப்போர் கையுறையும் முகமூடியும் அணிவதற்கு எந்த மூலிகையும் ஈடாகாது.

சிறப்புகள்

1960இல் இலண்டன் வேந்தியக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்திய அரசு 1963இல் பத்ம பூசண் விருது வழங்கியது. 1967இல் இந்திய அறிவியல் மாநாட்டின் தலைவராக இருந்தார். பணி ஓய்வுக்குப் பின்னரும் ஆய்வைத் தொடர்ந்த சேசாத்திரி 1975இல் காலமானார்.