மேட்டுநாட்டு ஊர்களில் நடந்த குருவானவர்: துபுவா அடிகளார்



பாரூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் என மேடேறிச் செல்லும் வழி பழைய மைசூர் நாட்டில் போய்ச் சேருகிறது. 1792 வரை நம் பாரமகாலும் அந்நாட்டைச் சேர்ந்ததே. அங்கே ஊர் ஊராகச் சென்று உழைத்த ஒரு குருவானவரை இம்மலரில் நன்றியோடு நினைவுகூருகிறோம்.

துபுவா அடிகளார் பிரான்சு நாட்டவர். பாரீஸ் வேதபோதக சபையினர். 1792ல் குருப்பட்டம் பெற்று, அவ்வாண்டே இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1799ல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் காலத்தில் பலவந்தமாக மதம் மாற்றப்பட்டுச் சிதறிப்போன கிறிஸ்தவர்களை மீண்டும் ஒன்றுசேர்க்கும் பொறுப்பு அடிகளாரிடம் வந்தது. திரும்பி வந்தவர்களை அவர் திருச்சபையோடு ஒப்புரவாக்கினார். தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்து, மக்களின் பழக்கவழக்கங்களை ஏற்று அவர்களோடு வாழ்ந்தார். ஏழைக் குடும்பங்கள் பயிர்செய்து பிழைக்க, ஹாசன் அருகே சாத்தள்ளியில் குடியிருப்பு அமைத்தார்.

அக்காலத்தில் பெரியம்மை கண்ட ஊரில் பிள்ளைகளைப் பறிகொடாத வீடு அரிது. 1802ல் இந்தியாவுக்கு வந்த அம்மைப்பால் குத்தும் முறையை அடிகளார் கிராமங்களுக்குக் கொண்டுசென்றார். அம்மைப்பால் குத்திய ஒரு பிள்ளையின் கைக் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்த வேண்டும். பெற்றோர் அஞ்சியதில் வியப்பில்லை. ஆயினும் 1803, 1804ஆம் ஆண்டுகளில் 25,000 பேருக்கு மேல் அவர் முயற்சியால் குத்திக்கொண்டனர். சாதி சமயம் பாராத இத்தொண்டே அவர் தந்த சிறந்த மறையுரை என்போம்.

இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிய அவருடைய நூலின் கையெழுத்துப் பிரதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 2,000 வராகனுக்கு வாங்கி, 1816ல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அதில் பெரும்பகுதி, அவருக்கு முன் வாழ்ந்த சேசுசபைக் குரு கேர்தூ எழுதியதைத் தழுவியது என்று பிற்கால ஆய்வு காட்டியுள்ளது. புகழில் உரிய பங்கை அவருக்கும் தருவது நீதி.

அடிகளார் 1823ல் தாயகம் திரும்பினார். இந்துக்கள் கிறிஸ்தவராவது இனி நடவாது என்று அவ்வாண்டே எழுதி வெளியிட்டார். முப்பதாண்டு உழைத்தவர் நெஞ்சிலும் அத்தகைய சோர்வு இருந்தது! 1848ல் இறைவனடி சேர்ந்தார். அவர் நம்பிக்கை இழந்த பின்னும் அவர் ஒன்றுசேர்த்த சபைகள் நிலைத்தன. பெரியம்மையும் 1975க்குப்பின் நம் நாட்டில் இல்லை.

விதைத்தவர் விளைச்சலைக் காணாமலே போகலாம். யூபிலி ஆண்டில் நம் பங்கின் முன்னோடிகளையும் இவ்வாறே எண்ணி, அவர்களுக்காகச் செபிப்போமாக.