நீதிபதியை நியமிப்பது யார்? அன்றே கேட்ட போக்கர் சாஹிப்

மயிலாடும்பாறையில் ஒரு குடும்பத்தின் நில வழக்கு மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் வரை போனால், மதுரைக் கிளையின் படியேற வேண்டும். அங்கே அமர்ந்திருக்கும் நீதிபதி நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் அல்ல. அப்படியானால் அவரைத் தேர்ந்தெடுப்பது யார்? ஆட்சியில் இருப்பவர்களின் விருப்பம் மட்டும் அதற்குப் போதுமா? நம் நாட்டின் அரசியல் சட்டம் எழுதப்பட்டபோதே இதைக் கேட்டவர் மர்ஹூம் பி. போக்கர் சாஹிப் அவர்கள்.

1890ல் தலச்சேரியில் பிறந்தவர். மலபார் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்த அவர், முஸ்லிம் லீக் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்குச் சென்றார். காயிதே மில்லத் அவர்களும் அச்சபையில் இருந்தார்கள். 1947 ஆகஸ்டில் தனித்தொகுதி கோரி போக்கர் சாஹிப் கொண்டுவந்த திருத்தம் பெரும்பான்மையால் தள்ளப்பட்டது. 1948 நவம்பரில் ஷரீஅத் சட்டத்துக்குப் பாதுகாப்புக் கேட்டு எழுந்த குரல்களில் அவருடையதும் ஒன்று. அதுவும் ஏற்கப்படவில்லை.

1949 மே 24 அன்று உச்சநீதிமன்ற நீதிபதிகள் நியமனம் விவாதத்துக்கு வந்தது. தலைமை நீதிபதியிடம் கலந்தாலோசித்தால் போதும் என்றது வரைவு. ஆலோசனை என்றால் கேட்டுவிட்டு ஒதுக்கிவிடலாம். எனவே தலைமை நீதிபதியின் ஒப்புதலும் வேண்டும் என்று போக்கர் சாஹிப் திருத்தம் கொண்டுவந்தார். முஸ்லிம் நீதிபதிகளுக்கு ஒதுக்கீடு எதையும் அந்தத் திருத்தம் கேட்கவில்லை. அது கேட்ட பாதுகாப்பு எல்லாக் குடிமக்களுக்கும் உரியது.

நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்ற யோசனையும் அன்று வந்தது. அது ஏற்கப்பட்டிருந்தால் ஆளுங்கட்சிக்கு அந்த அளவு பலம் இல்லாதபோது எதிர்க்கட்சிகளின் சம்மதமும் தேவைப்பட்டிருக்கும். நியமனத்தில் அரசியல் புகுந்துவிடும் என்று அம்பேத்கர் அதை மறுத்தார். தலைமை நீதிபதியும் குறைகள் உள்ள மனிதரே, அவருக்குத் தடுப்பதிகாரம் தர முடியாது என்று போக்கர் சாஹிபின் யோசனையையும் மறுத்தார். திருத்தங்கள் தோற்றன.

அம்பேத்கரின் முதல் அச்சம் வீணல்ல. அமெரிக்காவில் செனட் சபையே நீதிபதிகளை உறுதி செய்கிறது. அங்கே சிறுபான்மைக் கட்சி ஒரு நியமனத்தைத் தடுத்து நிறுத்த உதவிய 60 ஓட்டு நடைமுறையை 2013ல் ஒரு கட்சியும் 2017ல் மறு கட்சியும், தங்களுக்குப் பெரும்பான்மை இருந்தபோது குறைத்துக்கொண்டன.

ஆனால் போக்கர் சாஹிபின் அச்சமும் இங்கே மெய்யானது. 1973ல் மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி தலைமை நீதிபதி நியமிக்கப்பட்டார். நெருக்கடி நிலையில் தனிமனித உரிமைக்காகத் தனித்து நின்று தீர்ப்பெழுதிய எச்.ஆர். கன்னா 1977ல் ஒதுக்கப்பட்டார். 1993ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, நீதித்துறையின் கருத்துக்கே முதன்மை என்று தீர்ப்பளித்தது. தோற்ற திருத்தத்தின் சாரம் 44 ஆண்டுகளுக்குப் பின் சட்டமானது. அதில் பிறந்த கொலீஜியம் முறையின் மீதும், வெளிப்படையாக இல்லை என்ற குறை இன்று வரை உண்டு.

1952ல் மலப்புரத்திலிருந்து வென்ற போக்கர் சாஹிப், முதல் மக்களவையில் லீக்கின் ஒரே உறுப்பினர். 1965ல் வஃபாத்தானார்.

அவையில் எண்ணிக்கை குறைந்தவர் என்பதால் அவர் வாய் மூடி இருக்கவில்லை. தோற்போம் என்று தெரிந்தும் நியாயத்தைப் பதிவு செய்தார். சட்டம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இவரை அறிமுகப்படுத்துவோம். அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, சுவனத்தில் உயர்ந்த இடத்தை வழங்குவானாக. ஆமீன்.