காளானுக்குப் பெயரிட்ட பெர்க்லி பாதிரியார்

ஒரு பொருளுக்குப் பெயரிடுதல் எளிய செயலென்று கருதுவார் பலர். பெயரிடுமுன் அப்பொருளைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். அது எவற்றோடு ஒத்தது, எவற்றினின்றும் வேறுபட்டது என ஆராய்தல் வேண்டும். அதன் பின்னரே பெயர் பொருந்தும். இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுவதும் நடத்திக் காட்டிய அறிஞர் ஒருவரின் சரித்திரத்தை நம் கல்லூரி மாணவர் அறிதல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருக்கிக் கூறுகின்றோம்.

மைல்ஸ் ஜோசப் பெர்க்லி 1803-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் நாள், இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயரில் பிறந்தார். ரக்பிப் பாடசாலையிலும் கேம்பிரிட்ஜ் கிரைஸ்ட்ஸ் கல்லூரியிலும் பயின்று, குருப்பட்டம் பெற்றார். 1833 முதல் முப்பத்தைந்து ஆண்டுகள் கிங்ஸ் கிளிஃப் என்னும் சிற்றூரில் வசித்து, அயலூர்ச் சபைகளுக்கு ஊழியஞ் செய்தார். வருவாய் சிறிது, குடும்பமோ பெரிது. ஆதலின் மாணாக்கரை வீட்டில் வைத்துப் பாடஞ் சொல்லியும் பொருளீட்ட நேர்ந்தது. எஞ்சிய நேரமே பூதக்கண்ணாடிக்கு உரியதாயிற்று.

இளமையில் நத்தைகளையும் கடற்பாசிகளையும் ஆராய்ந்த இவர், பின்னர்க் காளான்களில் மனஞ் செலுத்தினார். 1836-இல் வெளிவந்த ஆங்கில நாட்டுத் தாவர நூலில் காளான் பகுதியை எழுதியவர் இவரே. சார்லஸ் டார்வின் பீகிள் கப்பல் யாத்திரையிற் சேர்த்த காளான்களும் இவரிடமே வந்தன.

இவர் வகுத்த பேரினங்களுள் ஒன்றை மட்டும் இங்கு விரித்துரைப்போம். பொலீட்டஸ் என்னுங் காளான் குடைபோன்ற உருவமுடையது. ஆயினும் குடையின் அடியில் மெல்லிய தகடுகளுக்குப் பதிலாக நுண்குழாய்கள் நெருங்கி நிற்கும். 1753-இல் லின்னேயஸ், மரங்களிற் படரும் வன்மையான காளான்களையும் சேர்த்து, அடியில் துளையுள்ளவற்றையெல்லாம் பொலீட்டஸ் என்னும் ஒரே பேரினத்துள் அடக்கினார். பின்னர்ச் சுவீடன் தேசத்துப் பிரீஸ், சதைப்பற்றுள்ளவற்றுக்கே அப்பெயரை வரையறுத்தார். அவற்றுள்ளும் ஒன்று ஏனையவற்றோடு ஒட்டாது நின்றது. அதன் தலையெங்கும் பஞ்சுபோன்ற கருஞ்செதில்கள். அறுத்தால் வெண்சதை சிவந்து, பின் கறுக்கும். பைன் மரத்தின் காயை ஒத்ததென்று ஸ்கோபோலி 1770-இல் அதற்குப் பெயரிட்டாராயினும், பொலீட்டஸ் பேரினத்திலேயே வைத்தார்.

இந்நிலையில், ஜோசப் ஹூக்கர் 1848 முதல் சிக்கிம் இமயமலைச் சாரலிற் சேர்த்த காளான்கள் பெர்க்லியின் ஆராய்ச்சிக்கு வந்தன. அக்கருஞ்செதிற் காளானுக்கு உறவினவும் அவற்றுள் இருந்தன. தனித்து நின்றதற்குச் சுற்றம் உண்டெனக் கண்ட பெர்க்லி, 1851-இல் ஸ்ட்ரோபிலோமைசஸ் என்னும் புதுப்பேரினத்தை நிறுவினார். பைன்காய்க் காளான் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பொலீட்டஸின் வித்துத்துகள் பெரும்பாலும் நீண்டு வழுவழுப்பாயிருக்க, இதனுடையதோ கறுத்து, உருண்டு, புறத்தே வலைபோன்ற வரம்புகள் உடையதாயிருக்கும். டி.என்.ஏ. ஆராய்ச்சி வந்த பின்னரும் அப்பேரினம் நிலைபெற்றுள்ளது.

இவ்வாறு வகைப்படுத்துதல் வேலையற்றார் விளையாட்டோ என ஐயுறுவார்க்கு இரண்டு சான்றுகள் கூறுவோம்.

1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கிற்று. தொடர்ந்த பஞ்சத்தில் அயர்லாந்தில் பத்து லட்சம் மக்கள் மாண்டனர். ஈரமிகுதியால் செடி அழுகிற்று, அழுகியதில் காளான் முளைத்தது என்றார் பேராசிரியர் லிண்ட்லி முதலியோர். காளானே காரணம், அழுகல் அதன் காரியம் என்று 1846-இல் எழுதினார் கிராமத்துக் குருவாகிய பெர்க்லி. நம்பினார் சிலரே. 1861-இல் ஜெர்மன் அறிஞர் டி பாரி அதனைச் சோதனையால் மெய்ப்பித்தார்.

மற்றொன்று நமக்கு அண்மையது. இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறத் தூள் படரக் கண்ட பேராதனைத் தோட்டத் தலைவர் த்வெய்ட்ஸ், அவ்விலைகளைப் பெர்க்லிக்கு அனுப்பினார். 1869-இல் அவரும் அவர் நண்பர் புரூமும் அதற்கு ஹெமிலெயா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டனர். துகளின் ஒரு பாதி வழுவழுப்பானது என்பது முதற்சொல்லின் குறிப்பு. பாழாக்குவது என்பது மற்றதன் பொருள். அப்பெயர் மெய்யாயிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் காப்பித்தொழில் அழிந்து தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தமிழ் நாட்டினின்று அறுவடைக்குச் சென்றுவந்த கூலிமக்களின் வாழ்வும் அதனோடு மாறிற்று. பெயர் நோயைத் தீர்க்கவில்லை. ஆயினும் இன்னதென்று அறியாத பகையோடு போர்புரிதல் எவ்வாறு?

பெர்க்லி 1863-இல் ராயல் சங்கத்தின் அரசப் பதக்கம் பெற்றார். 1868-இல் சிபர்டாஃப்ட் ஊருக்குக் குருவாகச் சென்றார். 1879-இல் ஒன்பதினாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் அடங்கிய தம் காளான் தொகுதியைக் கியூ தோட்டத்துக்கு ஈந்தார். 1889 ஜூலை 30-ஆம் நாள் காலமானார்.

பெருநகரமும் பெருஞ்செல்வமும் இல்லாவிடத்தும் மெய்யறிவு வளரும் என்பதற்கு இவர் வாழ்வே சான்று. மழை பெய்த மறுநாள் நம் கல்லூரித் தோட்டத்தில் முளைக்குங் காளானைக் காலால் எற்றிச் செல்லாது, ஒரு கணம் குனிந்து நோக்கும் மாணவர் நம்மிடையே பெருகுவாராக.