முஸவ்விர் ஜங் ராஜா தீன் தயாள்

ஒருநாளும் வாளேந்திப் போர் புரியாத ஒருவருக்குப் போர் என்னும் பொருளுடைய ஜங் என்ற சொல்லை ஈறாகக் கொண்ட பட்டம் கிடைத்தது. வழங்கியவர் ஐதராபாத்தின் ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலீ கான். பெற்றவர் சமண சமயத்தவரான நிழற்படக் கலைஞர் லாலா தீன் தயாள். ராஜா பகதூர் முஸவ்விர் ஜங் என்பது அப்பட்டம். முஸவ்விர் என்னும் அரபுச் சொல் நம் வாசகர்க்குப் புதிதன்று. உருவமைப்பவன் என்ற பொருளில் அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்றாக நாம் ஓதிவருவது அது. அரசவை உருதுவில் ஓவியரைக் குறிக்கும் பெயராகவும் அது வழங்கிற்று. உருவப்படம் பற்றி மார்க்க அறிஞரிடையே நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் விவாதத்துள் நாம் இங்குப் புகவில்லை. ஒரு வரைபடக்காரர் கோட்டை, கொலு, வேட்டை, படை, அந்தப்புரம், பஞ்சம் என ஒன்றோடொன்று ஒட்டாத துறைகளில் எல்லாம் எவ்வாறு தேர்ச்சி பெற்றார் என்பதையும், அத்தேர்ச்சிக்கு எல்லை எங்கே நேர்ந்தது என்பதையும் காண்பதே நம் நோக்கம்.

தீன் தயாள் 1844-ஆம் ஆண்டு மீரட் நகருக்கு அண்மையிலுள்ள சர்தானாவில் பிறந்தார். பேகம் சம்ரு ஆண்ட ஊர் அது. அவ்வம்மையார் மறைந்து எட்டாண்டுகள் கழிந்த பின்னர் இவர் பிறந்தார். இளமையில் ரூர்க்கியிலிருந்த தாமசன் பொறியியற் கல்லூரியில் பயின்றார். இன்று அது இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுள் ஒன்று. நிலத்தை அளத்தல், கட்டடத்தை வரைதல், செலவை மதிப்பிடுதல் ஆகியவையே அவர் கற்றவை. 1866-இல் இந்தூரில் பொதுப்பணித் துறையின் தலைமை மதிப்பீட்டாளராகவும் வரைபடக்காரராகவும் பணியேற்றார். நிழற்படக் கருவியை அவர் தொட்டது 1874-ஆம் ஆண்டளவில்தான். வயது அப்போது முப்பது. கலைஞர் ஆவோர் பிறவியிலேயே அடையாளம் காட்டிவிடுவர் என்று எண்ணும் நம் மாணவர்கள் இந்த ஆண்டுக் கணக்கைச் சற்று நின்று நோக்குக. அலுவலகம் முடிந்த நேரத்தில் பொழுதுபோக்காகத் தொடங்கியதே பின்னர் அவர் வாழ்வாயிற்று.

அந்நாளைய நிழற்படம் பொறுமையை மட்டுமன்றி உடலுழைப்பையும் வேண்டியது. 1851-இல் இங்கிலாந்தில் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தட்டு முறையே அப்போது வழக்கில் இருந்தது. கண்ணாடித் தட்டின்மேல் கொலோடியன் என்னும் பசைக் கரைசலை மேடுபள்ளமின்றி ஊற்றிப் பரப்ப வேண்டும். அதனை இருட்டில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் கருவியில் பொருத்தி, லென்ஸின் மூடியைக் கையால் எடுத்து, எண்ணி மூட வேண்டும். உடனே இருட்டறைக்கு ஓடித் தட்டைக் கழுவிப் படிமத்தை வெளிக்கொணர வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிந்தாக வேண்டும். மத்திய இந்தியாவின் கோடை வெயிலில் அந்த ஈரம் எத்தனை விரைவில் உலர்ந்திருக்கும் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம். எனவே கோட்டையைப் படமெடுக்கச் செல்பவர் கூடாரம், வேதிப்பொருள், தண்ணீர், கண்ணாடிப் பெட்டி அனைத்தையும் உடன் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. படத்தைப் பெரிதாக்கிக் கொள்ளும் வசதியும் அந்நாளில் எளிதன்று. தட்டு எவ்வளவோ, தாளில் விழும் படமும் பெரும்பாலும் அவ்வளவே. பெரிய படம் வேண்டுமாயின் பெரிய தட்டு, அதற்கேற்ற பெரிய கருவி. முட்டை வெண்கரு பூசிய தாளை அத்தட்டின் அடியில் வைத்து வெயிலில் காய்ச்சியே படி எடுத்தனர்.

இந்தூரில் அவருக்கு ஆதரவு தந்தோர் இருவர். ஒருவர் மன்னர் இரண்டாம் துக்கோஜி ராவ் ஹோல்கர். மற்றவர் மத்திய இந்தியாவின் ஆங்கிலப் பிரதிநிதி சர் ஹென்றி டேலி. 1875-76-இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது அவ்வரச வருகையைப் படமெடுக்கும் வாய்ப்பும் தீன் தயாளுக்கு வாய்த்தது. ஆயினும் அவர் கை உண்மையில் தேறியது கட்டடங்களின் முன்னிலையில்தான் என்பது நம் கருத்து. டேலிக்குப் பின் வந்த சர் லெப்பல் கிரிபின் 1882-இல் புந்தேல்கண்டுப் பகுதியில் சுற்றுப்பயணம் செய்தபோது தீன் தயாளை உடன் அழைத்துச் சென்றார். மத்திய இந்தியாவின் புகழ்பெற்ற நினைவுச் சின்னங்களைப் பற்றி 1886-இல் கிரிபின் வெளியிட்ட நூலில் அப்படங்களே இடம்பெற்றன.

குவாலியர்க் கோட்டையையும் சாஞ்சியின் தோரண வாயில்களையும் அவர் எடுத்த படங்களில் வரைபடக்காரரின் கண் தெளிவாகத் தெரிகிறது. உயர்ந்த கட்டடத்தை அடியிலிருந்து அண்ணாந்து எடுத்தால் சுவர்கள் மேலே செல்லச் செல்ல ஒன்றையொன்று நோக்கிச் சாய்வனபோல் தோன்றும். இன்றும் புதிதாகப் பழகுவோர் மசூதி மினாராவை எடுக்கும்போது காணும் குறை இதுவே. அக்காலத்துப் பெருங்கருவிகளில் பெட்டியைச் சாய்க்காமல் மட்டமாக வைத்துக்கொண்டு லென்ஸ் பொருத்திய முன்பலகையை மட்டும் மேலே உயர்த்த இயலும். நேர்கோடு நேர்கோடாகவே நிற்கும். இது கருவி தரும் வசதி. அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணம் மட்டக்கோலும் தூக்குக்குண்டும் கையாண்ட பயிற்சியால் வருவது. தூண் எவ்வளவு உயரம் என்பது தெரிய வேண்டுமென்று சில படங்களில் ஆளொருவரை அதனருகே நிறுத்தியிருப்பதும் மதிப்பீட்டாளரின் பழக்கமே. அந்நாளைய தட்டு நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பை மிகக் குறைவாகவும் உணரும். ஆகவே வானம் மேகமின்றி வெறும் வெண்மையாய் விழும், செம்மணற்கல் கருத்துப்போகும். வானத்தின் வெறுமையைக் குறையென்று விடாமல், கோட்டையின் விளிம்பு கூர்மையாய்த் தெரியும் வகையில் அதனையே பின்னணித் திரையாக்கிக்கொண்டார்.

1880-களின் நடுவில் அரசுப் பணியிலிருந்து விடுப்புப் பெற்று, பின்னர் அதனை அறவே துறந்தார். நிலையான சம்பளத்தை உதறிச் செகந்திராபாத்தில் ஸ்டூடியோ அமைத்துக் குடியேறினார். நிஜாமின் அவை அவரை ஏற்றது. இங்கே அவர் எதிர்கொண்ட பாடம் வேறு. கோட்டை அசையாது, அமீர்கள் அசைவர். அரசு விருந்தொன்றில் ஐம்பது பேரை ஒரு படத்துள் அடக்க வேண்டுமாயின், யார் நடுவில், யார் நாற்காலியில், யார் பின்வரிசையில் என்பதெல்லாம் பதவி வரிசைப்படி அமைய வேண்டும். ஒருவர் தலையைத் திருப்பினாலும் அவர் முகம் கலங்கிவிடும். ஆங்கிலேய ரெசிடெண்டின் இடமும் நிஜாமின் இடமும் பிசகினால் அது படத்தின் குறை மட்டுமாக நின்றுவிடாது. வெள்ளுடையும் கருங்கோட்டும் ஒரே படத்தில் வரும்போது இரண்டின் மடிப்பும் தெரியுமாறு ஒளியளவைத் தேர்வது கடினம். அவர் எடுத்த குழுப்படங்களில் அந்த நிதானத்தைக் காணலாம். பலக்னுமா மாளிகையின் உட்கூடங்களை எடுத்த படங்கள் இதனினும் அரியவை. சாளரத்தின் வழி வரும் பேரொளியும் மூலையின் இருளும் ஒரே தட்டில் அமைவது எளிதன்று. கண்ணாடிகளும் சரவிளக்குகளும் நிறைந்த அறையில் கருவியின் நிழலே படத்துள் வந்துவிடும் அபாயமும் உண்டு.

இதற்கிடையில் உலர்தட்டு பரவலாயிற்று. 1871-இல் மருத்துவர் ரிச்சர்டு மேடாக்ஸ் முன்மொழிந்த ஜெலட்டின் பூச்சினின்று வளர்ந்த முறை அது. தட்டுகள் ஆலையிலிருந்தே ஆயத்தமாக வந்தன. எடுத்தவுடன் கழுவ வேண்டியதில்லை. கண்ணிமைக்கும் நேரமே ஒளி பட்டால் போதும். படைப் பயிற்சி முகாம்களும் ஊர்வலங்களும் வேட்டைப் பயணங்களும் அதனால் படத்துள் வந்தன. ஆயினும் வேட்டைப் படம் என்று அக்காலத்தார் போற்றியதில் பெரும்பகுதி வேட்டை முடிந்த பின் எடுத்த குழுப்படமே. 1902-இல் வைஸ்ராய் கர்சன் பிரபுவும் அவர்தம் துணைவியாரும் வீழ்த்தப்பட்ட புலியுடன் நிற்கும் புகழ்பெற்ற படம் இவருடைய ஸ்டூடியோவினது. அதில் புலியும் அமைதியாய் இருக்கிறது, மனிதரும் அமைதியாய் இருக்கின்றனர். புதிய வேகத்தால் பயன்கொள்ளக்கூடியவர் பழைய கொலுவின் இலக்கணத்தையே காட்டிலும் கடைப்பிடித்தார். ஆதரித்தோர் விரும்பியது அதுவே போலும்.

நம் சமுதாயத்தார் தனித்து எண்ணவேண்டிய செயலொன்று 1892-இல் நடந்தது. ஐதராபாத்தில் மகளிர்க்கெனத் தனி ஸ்டூடியோ ஒன்றை அவர் தொடங்கினார். கோஷா காத்த குடும்பத்துப் பெண்கள் அந்நிய ஆடவர்முன் வந்து நிற்கமாட்டார்கள் என்பதை உணர்ந்து, ஆங்கிலப் பெண்மணி ஒருவரை அதன் பொறுப்பில் அமர்த்தினார். உயர்ந்த மதில் சூழ்ந்த இடம் அது. வழக்கத்தை உடைத்து முன்னேற்றம் காட்ட வேண்டும் என்று அவர் முனையவில்லை. வழக்கத்தோடு இசைந்தே புதுக்கருவியை வீட்டாரிடம் சேர்த்தார். இதில் வணிக நோக்கும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. தமக்குத் தெரிந்த கலையைத் தாம் செய்யாமல் ஒதுங்கி நிற்பதும் தொழிலறிவின் ஒரு கூறு என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நாம் கொள்கிறோம். அங்கெடுத்த படங்கள் குடும்பத்தாருக்காக எடுக்கப்பட்டவை; ஊர் பார்க்க அல்ல.

ஊர் பார்க்கவென்றே எடுக்கப்பட்டவை வேறு உண்டு. 1899-1900-இல் தக்காணத்தைப் பெரும் பஞ்சம் தாக்கியது. நிஜாம் அரசு மேற்கொண்ட நிவாரணப் பணிகளைப் படமெடுக்கும் கடமை தீன் தயாளிடம் வந்தது. பலக்னுமாவின் விருந்து மேசையைக் கண்ட அதே லென்ஸ் கஞ்சிக்காகக் காத்திருந்தோரையும் கண்டது. இவ்விடத்தில் நம் தமிழகத்து நினைவொன்று வருகிறது. 1876-78-இன் தாது வருடப் பஞ்சத்தின்போது சென்னைப் படையின் அதிகாரியாயிருந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர், எலும்பும் தோலுமாய் நின்ற மக்களைக் கூட்டங்கூட்டமாக அமர்த்திப் படமெடுத்தார். அப்படங்கள் கடல் கடந்து பரவின. அவரைப் பற்றிய கண்டனமும் எழுந்தது. துன்பம் கண்டு உதவாமல் காட்சியாக்கினார் என்பது குற்றச்சாட்டு. தீன் தயாளின் பஞ்சப் படங்கள் அத்தகைய கொடுமை உடையன அல்ல. அவற்றில் பணியிடமும் ஒழுங்கும் முன்னிற்கின்றன. அரசின் கருணை தெரிகிறது. ஆனால் ஒரு முகமேனும் நம்மை நோக்கித் தன் கதையைச் சொல்வதுபோல் அருகில் வருவதில்லை. அமீர்களை வரிசையில் நிறுத்திய அதே தொலைவில் ஏழைகளும் நிற்கின்றனர். அமீர்களுக்கு அத்தொலைவு மரியாதையாயிற்று. பசித்தவர்க்கு அது என்னவாயிற்று? எல்லாத் துறைகளையும் வென்ற கைத்திறன் இங்கே ஒரு படி குறைந்தது என்பது நம் துணிபு. அரசுக் கட்டளைப்படி எடுத்தவர்மேல் முழுப்பழியும் சாராது என்று கூறும் பெரியோரும் உளர். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. அப்படங்களும் இல்லையேல் அம்மக்கள் நின்ற சுவடே நமக்குக் கிட்டியிராது.

புகழுக்குக் குறைவில்லை. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் பரிசு பெற்றார். 1896-இல் பம்பாயில் பெரிய ஸ்டூடியோவைத் திறந்தார். 1897-இல் விக்டோரியா அரசியாரின் நிழற்படக் கலைஞர் என்னும் உரிமையும் கிடைத்தது. புதல்வர்கள் கியான் சந்தும் தரம் சந்தும் தொழிலில் துணைநின்றனர். கடைசி ஆண்டுகள் இனிதாக அமையவில்லை. 1904-இல் தரம் சந்த் இறந்தார். மறு ஆண்டு, 1905 ஜூலையில், தீன் தயாளும் பம்பாயில் காலமானார்.

மூன்றாண்டுகள் கழித்து, 1908 செப்டம்பரில், மூசி ஆறு பெருக்கெடுத்து ஐதராபாத்தின் கரையோரப் பகுதிகளை அழித்தது. வெள்ளத்திற்கு முந்திய அந்நகரம் எவ்வாறு இருந்தது என்று அறிய விரும்புவோர்க்கு இன்று அவருடைய படங்களே சிறந்த சான்று. குடும்பத்தாரிடம் எஞ்சியிருந்த 2,857 கண்ணாடித் தட்டுகளைப் புதுதில்லியின் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989-இல் பெற்றுப் பாதுகாத்து வருகிறது. 2006-இல் அஞ்சல் துறை அவர் பெயரில் தபால்தலை வெளியிட்டது. அவருடைய பல படங்களின் அடியில், தட்டின்மேலேயே எழுதப்பட்ட எண்ணும் இடத்தின் பெயரும் சிறிய எழுத்தில் தெரியும். அரண்மனையாயினும் பாழ்பட்ட கோயிலாயினும் எண் இடும் முறை ஒன்றே. பொதுப்பணித் துறையின் பேரேட்டில் பழகிய கை அது.